பெரியப்பாவுக்குக் கேட்ட ஊசி அப்பாவுக்குக் கேட்குமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு வயது 61. இருபது வருடமாகச் சர்க்கரை, பத்து வருடமாக ஃபேட்டி லிவர். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. போன மாதம் கல்லீரலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கட்டி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டதால் ஆபரேஷன் முடியாதாம். அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்று மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போடும் இம்யூனோதெரபி ஊசியைச் சொல்கிறார்கள். என் பெரியப்பாவுக்கும் இரண்டு வருடம் முன்பு இதே புற்றுநோய்தான், அவருக்கு ஹெபடைட்டிஸ் பி வைரஸ். இதே ஊசி போட்டு, கட்டி சுருங்கி, இன்றைக்கும் வயலுக்குப் போய் வருகிறார். ஆனால் ஃபேட்டி லிவரால் வரும் புற்றுநோய்க்கு இந்த ஊசி கேட்காது, கெடுதல்கூடச் செய்யும் என்று படித்தேன். ஒரே நோய்க்கு ஏன் இப்படி? அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? கஷாயம் கொடுத்து ஏற்றலாமா? இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள், "ரகசியமாகக் குடித்திருப்பார்" என்று பேசுகிறார்கள். என்ன செய்வதென்றே தெரியவில்லை.
(திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு மகள்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஃபேட்டி லிவரில் வந்த புற்றுநோய் என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது பாதிக் கதை.

அடுத்தது சொந்தக்காரர்கள் பேச்சு. இருபது வருடச் சர்க்கரையும் ஃபேட்டி லிவரும் சேர்ந்தால், மதுவை முகர்ந்துகூடப் பார்க்காதவருக்கும் கல்லீரல் சுருங்கும், புற்றுநோய் வரும். என்னிடம் வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அவர்களில் பாதிப்பேர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்வது "டாக்டர், நான் குடிக்கிறதில்லை" என்பதுதான். நோய் வந்த மனிதர் தன் ஒழுக்கத்துக்கு சாட்சி சொல்ல வேண்டியிருப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாக இருக்கிறது. அப்பா காதுபட அப்படி யாராவது பேசினால், டாக்டரே சொன்னார் என்று சொல்லி அடக்குங்கள்.

சரி, இப்போது "எதிர்ப்பு சக்தி குறைவா" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குக் கல்லீரலுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும். கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது, அதில் முக்கால் பங்கு குடலைச் சுற்றிவிட்டு நேராக வருவது. சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தோடு குடல் பாக்டீரியாக்களின் துணுக்குகளும் அதில் கலந்தே வரும். ஒவ்வொரு துணுக்குக்கும் அங்குள்ள காவல் செல்கள் கொதித்தெழுந்தால் மூன்று வேளையும் கல்லீரல் வீங்கும். அதனால் அவை பொறுத்துப் போகப் பழகியவை. அவற்றில் மூன்று பேரை மட்டும் அறிமுகப்படுத்துகிறேன். குப்ஃபர் செல்கள், ரத்தக்குழாய்ச் சுவரிலேயே குடியிருந்து வருவதை விழுங்கிச் சுத்தம் செய்பவை. உடம்பின் திசுக்களில் தங்கியிருக்கும் இந்த வகை விழுங்கும் செல்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் கல்லீரலில்தான் இருக்கின்றன. என்கே செல்கள், வைரஸ் பிடித்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் முன்பின் பழக்கமில்லாமலேயே கண்டுபிடித்துக் கொல்பவை. நியூட்ரோஃபில்கள் அங்கே குடியிருப்பவை இல்லை, கூப்பிட்டால் கூட்டமாக ஓடிவருபவை. தடுப்பூசி போட்டுப் பழக்கத் தேவையில்லாமல் பிறவியிலேயே நமக்கு வரும் பாதுகாப்பு இவையெல்லாம். டி செல்கள் இதற்கு அடுத்த வரிசை, அவை எதிரியை அடையாளம் பார்த்துப் படித்துக்கொண்டு வருபவை.

இந்தச் செல்கள் உங்கள் அப்பாவுக்கும் உண்டு, பெரியப்பாவுக்கும் உண்டு. எண்ணிக்கையில் பெரிய குறையும் இல்லை. ஆனால் இருபது முப்பது வருடமாக அவை எதைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதில்தான் இரண்டு பேருக்கும் வித்தியாசம்.

பெரியப்பாவை எடுத்துக்கொள்வோம். ஹெபடைட்டிஸ் பி சத்தமே போடாமல் வீட்டுக்குள் நுழையும் வைரஸ். சிம்பன்சிகளில் செய்த ஆய்வில், இந்த வைரஸ் கல்லீரலில் பரவும் முதல் வாரங்களில் அங்குள்ள அபாய மணி எதுவுமே அடிக்கவில்லை என்பது தெரிந்தது. அதே சிம்பன்சிகளில் ஹெபடைட்டிஸ் சி நுழைந்தால் அத்தனை மணியும் அடித்தது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பி வைரஸ் வாங்கிக்கொள்ளும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பெரியவர்களாகி வாங்கிக்கொண்டால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். அதாவது சின்ன வயதிலிருந்தே வைரஸோடு வளர்ந்த கல்லீரலில், அந்த வைரஸும் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது.

அங்குள்ள என்கே செல்கள் எப்படி ஆகின்றன தெரியுமா? கொல்லும் வேலையைக் கொஞ்சம் செய்யும். ஆனால் மற்ற செல்களை உசுப்பிவிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரப்பது குறைந்துவிடும், ஏனென்றால் சுற்றிலும் இருக்கும் சூழல் அவற்றை அமுக்கி வைக்கிறது. இதைவிட மனதை உறுத்தும் ஒன்று, வைரஸை எதிர்த்துப் போராட வந்த டி செல்களையே இந்த என்கே செல்கள் பிடித்துக் கொல்வதும் நடக்கிறது. மிச்சமிருக்கும் டி செல்கள் வருடக்கணக்கில் ஒரே எதிரியைப் பார்த்துப் பார்த்துக் களைத்து, பிடி-1 என்ற பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்கின்றன. இதற்கிடையே வைரஸின் டிஎன்ஏ நம் கல்லீரல் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்வதால், கல்லீரல் சுருங்காமலேகூட பி வைரஸ்காரர்களுக்குப் புற்றுநோய் வரலாம். ஊசியில் உள்ள அட்டிசோலிசுமாப் என்ன செய்கிறதென்றால், அந்தப் பிரேக்கை எடுத்துவிடுகிறது. களைத்து நின்றாலும் எதிரி யார் என்று தெரிந்த டி செல்கள் பெரியப்பாவிடம் மிச்சம் இருந்திருக்க வேண்டும், பிரேக் போனதும் அவை எழுந்து வேலை செய்திருக்கும் என்றுதான் நான் ஊகிக்கிறேன்.

ஹெபடைட்டிஸ் சி வேறு மாதிரி, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் வைரஸ் போகாது. நாள் முழுக்க ஹார்ன் அடிக்கும் தெருவில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மாத்திரையால் இன்று நூற்றில் 95 பேருக்கு மேல் சி வைரஸ் முழுதாகப் போய்விடுகிறது, என்கே செல்களும் பெருமளவுக்குப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் கல்லீரல் செல்களில் வைரஸ் விட்டுப்போன வடு கொஞ்சம் தங்கிவிடுகிறது. அதனால்தான், சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம், வந்தபின் வைரஸ் போய்க் குணமானவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கச் சொல்கிறோம். "வைரஸ்தான் போய்விட்டதே" என்று விட்டுவிடுகிறார்கள் பலர்.

மதுவில் கதை குடலில் ஆரம்பிக்கிறது. மது குடல் சுவரைக் கசியவிடுகிறது, பாக்டீரியாவின் துணுக்குகள் வெள்ளமாக வருகின்றன, பொறுமையாக இருந்த குப்ஃபர் செல்கள் பொறுமை இழந்து அழற்சியைக் கிளப்பும் பொருட்களைக் கொட்டுகின்றன, நியூட்ரோஃபில்கள் திரண்டு வருகின்றன. குடியால் கல்லீரல் கடுமையாக வீங்கியவரின் பயாப்சி ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஊதிப்போன ஒரு கல்லீரல் செல், அதற்குள் கயிறு முறுக்கின மாதிரி இளஞ்சிவப்பான ஒரு கட்டி, சுற்றி வட்டம் கட்டி நிற்கும் நியூட்ரோஃபில்கள். பயிற்சிக் காலத்தில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது, ஒரு சின்ன முற்றுகை மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொன்றும் நடக்கிறது: கல்லீரலில் தழும்பு போடும் செல்களைச் சாதாரணமாக என்கே செல்கள் கொன்று கட்டுக்குள் வைக்கும், மது அந்தத் திறமையைக் குறைத்துவிடும். தழும்பு தடையில்லாமல் வளரும்.

இப்போது அப்பாவுக்கு வருவோம்.

கொழுப்பு படிந்த கல்லீரல் ஸ்லைடில், செல்லுக்குள் இருந்த கொழுப்பு கரைந்துபோய் வெள்ளை வெள்ளையாக வட்ட ஓட்டைகள் தெரியும், ஆப்பத்தின் நடுவில் பார்ப்போமே அப்படி. சில இடங்களில் கொழுப்பு நிறைந்து செத்துப்போன ஒரு கல்லீரல் செல்லின் மிச்சத்தைச் சுற்றி விழுங்கும் செல்கள் கிரீடம் வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தக் கிரீடத்தில் இருப்பவர்கள் பலர் உள்ளூர்க்காரர்கள் இல்லை. பிறந்ததிலிருந்து அங்கே குடியிருந்த குப்ஃபர் செல்கள் கொழுப்பின் தொல்லை தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போக, ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து அந்த இடத்தைப் பிடிக்கின்றன. வெளியூரிலிருந்து வந்த இவற்றுக்கு, பழைய ஆட்களிடம் இருந்த பொறுமை முழுதாகக் கிடையாது.

நியூட்ரோஃபில்களும் வருகின்றன. அவை சாகும்போது தங்கள் டிஎன்ஏவையே வலை மாதிரி வெளியே வீசும், பாக்டீரியாவைச் சிக்க வைக்கும் நல்ல தந்திரம் அது. ஆனால் பாக்டீரியாவே இல்லாத கொழுப்புக் கல்லீரலில் அந்த வலை அழற்சியைத்தான் வளர்க்கிறது. எலிகளில் அந்த வலையைக் கரைத்தபோது கட்டிகள் குறைந்தன. என்கே செல்களுக்கோ இன்னும் பரிதாபமான நிலை. உடல் பருமன் உள்ளவர்களின் என்கே செல்கள் கொழுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு எரிபொருளைக் கையாளத் தெரியாமல் திணறுகின்றன என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. புற்றுச் செல்லைப் போய்ப் பிடிக்கும், பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கொல்லும் மருந்தை அந்தச் செல்லுக்குள் செலுத்த முடியாமல் நிற்கும். ஆளும் ஆயுதமும் இருக்கிறது, கைதான் எழவில்லை.

கடைசியாக டி செல்கள். கொழுப்புக் கல்லீரலில் பிடி-1 போட்ட டி செல்கள் நிறைய இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பெரியப்பாவின் டி செல்கள் மாதிரியேதான். ஆனால் அவற்றில் ஒரு பகுதி, எதிரி யார் என்று பார்க்காமலேயே பக்கத்தில் இருக்கும் நல்ல கல்லீரல் செல்களைக் கொல்பவையாக மாறிவிடுகின்றன. அவற்றின் பிரேக்கை எடுத்தால் என்ன ஆகும்? 2021இல் நேச்சர் இதழில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் முன்னின்று எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: கொழுப்புக் கல்லீரல் எலிகளுக்குப் பிடி-1ஐத் தடுக்கும் ஊசி போட்டபோது கட்டிகள் சுருங்கவில்லை, புதிதாகவும் கிளம்பின. கூடவே, மனிதர்களில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் பங்குகொண்ட 1600க்கு மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, வைரஸால் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆயுள் கூடியது, வைரஸ் இல்லாதவர்களுக்குக் கூடவில்லை என்றார்கள். நீங்கள் படித்தது எங்கெங்கோ சுற்றி இங்கிருந்துதான் வந்திருக்கும்.

இது நல்ல ஆய்வு, நான் மதிக்கிறேன். ஆனால் அதை வைத்து உங்கள் அப்பாவின் ஊசியை நிறுத்த முடியாது, ஏன் என்று சொல்கிறேன். "வைரஸ் இல்லாதவர்கள்" என்ற பையில் குடித்தவர்கள், குடிக்காத கொழுப்புக் கல்லீரல்காரர்கள், காரணமே தெரியாதவர்கள் எல்லோரையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். மேலே சொன்னதைப் படித்த உங்களுக்கே தெரியும், இவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. அப்புறம், அந்த மூன்றில் இரண்டு ஆய்வுகளில் பிரேக் எடுக்கும் மருந்தைத் தனியாகத்தான் கொடுத்தார்கள். அப்பாவுக்குச் சொல்லியிருப்பது இரண்டு மருந்துச் சேர்க்கை.

அந்தச் சேர்க்கை ஏன் முக்கியம் என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் கட்டி வளர்ந்தபின் அதற்குள் உள்ள விழுங்கும் செல்கள் கட்சி மாறிவிடுகின்றன. கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்த்துக் கொடுக்கும் பொருட்களைச் சுரக்கின்றன, மற்ற செல்களைத் தூங்க வைக்கின்றன. அதில் விஇஜிஎஃப் என்ற பொருளுக்கு ரத்தக்குழாய் வளர்ப்பது, எதிர்ப்பை அமுக்குவது என்று இரண்டு வேலையும் உண்டு. பெவாசிசுமாப் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. 2020இல் வெளிவந்த 501 பேர் பங்குகொண்ட ஆய்வில், இந்தச் சேர்க்கை பெற்றவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 67 சதவீதம், அதுவரை கொடுத்துவந்த சொராஃபெனிப் மாத்திரை பெற்றவர்களில் 55 சதவீதம். பெரிய வித்தியாசமில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் அந்த மாத்திரையைத் தாண்டி எதுவும் கிடைக்காமல் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம், அதனால் எனக்கு இது பெரிய வித்தியாசம்தான். காரணத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள் என்று இன்றுவரை எந்தப் பெரிய வழிகாட்டி நெறியும் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்குக் கிடைத்த மாதிரியே அப்பாவுக்கும் கிடைக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். பெரியப்பாவுக்கு நடந்தது எல்லா பி வைரஸ்காரர்களுக்கும் நடப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காரணத்தைவிட முக்கியமானது, கட்டி போக மிச்சக் கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது. பிலிருபின், அல்புமின், ஐஎன்ஆர், வயிற்றில் நீர், புத்தி தடுமாற்றம், இந்த ஐந்தையும் வைத்து சைல்டு-பியூ என்று ஒரு கணக்குப் போடுவோம். அதில் ஏ, பி, சி எந்த வகுப்பு என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நான் சொன்ன ஆய்வு ஏ வகுப்புக்காரர்களிடம் செய்தது, அப்பாவும் ஏ என்றால் தைரியமாகப் பேசலாம். பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், ஊசிக்கு முன்னால் எண்டோஸ்கோபி செய்து உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். இதைத் தவிர்த்துவிட்டு யாராவது ஊசியை ஆரம்பிக்கச் சொன்னால், நிறுத்தி ஒரு தடவை கேளுங்கள்.

கஷாயம் விஷயம். இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பு சக்தி என்பது டம்ளரில் தண்ணீர் மாதிரி குறைந்தால் ஊற்றி நிரப்பும் பொருள் இல்லை. மேலே சொன்ன கதையில் உங்கள் அப்பாவின் கல்லீரலில் சில செல்கள் அடங்கிக் கிடக்கின்றன, சில செல்கள் அளவுக்கு மீறி ஆடுகின்றன. ஆடுகிறவர்களையும் சேர்த்து உசுப்பினால் யாருக்கு லாபம்? கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடி குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 பேரின் விவரத்தை இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2022இல் வெளியிட்டன. சொந்த எதிர்ப்பு செல்களே கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல் அதில் தெரிந்தது. கீழாநெல்லியையும் யாராவது சொல்லியிருப்பார்கள். 1988இல் நம் சென்னை ஆய்வாளர்கள், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து, அது பி வைரஸுக்குக் கேட்கிறது என்று லான்செட் இதழில் எழுதியது உண்மைதான், நமக்குப் பெருமையும்தான். ஆனால் பிறகு செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் நிற்கவில்லை, அப்பாவுக்கு வைரஸ் இருப்பதாக நீங்கள் எழுதவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், ஊசி போடும் காலத்தில் கல்லீரல் என்சைம்கள் ஏறினால் அது ஊசியாலா, கட்டியாலா, கஷாயத்தாலா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாமல் போய், நல்ல மருந்தை நிறுத்த நேரிடும். அதற்குப் பதில் காலையில் சர்க்கரை போடாத காபி கொடுங்கள், தாராளமாக. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, வந்த கட்டியை அது கரைக்காது என்றாலும் கெடுதல் இல்லை. முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் குறையாமல் சாப்பிடட்டும். இரவு வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் படுக்க வேண்டாம், தூங்கும் முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் வீட்டுக்குள் வரவே கூடாது, அந்தப் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குத் தனிக் காரணம், பி வைரஸோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

ஊசி ஆரம்பித்த பிறகு விடாத வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குவது, புதிதாக மஞ்சள் காமாலை, கறுப்பாக மலம், இதில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். பிரேக் எடுத்த செல்கள் குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்கலாம், சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் என்னை இரண்டாம் முறை படிக்க வைத்தது. பெரியப்பாவுக்கு பி வைரஸ் என்கிறீர்கள். அவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் என்றால், இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தலைமுறையில் பிறக்கும்போதே போடும் தடுப்பூசி கிடையாது. பாட்டிக்கு வைரஸ் இருந்திருந்தால் அப்பாவுக்கும் போயிருக்கலாம், ஃபேட்டி லிவர் என்ற பெயர் வந்ததால் யாரும் தேடாமலும் விட்டிருக்கலாம். ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிசி, இந்த இரண்டு ரத்தப் பரிசோதனையும் செய்திருக்கிறார்களா என்று ஃபைலைப் பாருங்கள். இல்லையென்றால் ஊசிக்கு முன்னால் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒளிந்திருக்கும் வைரஸ் சிகிச்சையின்போது தலைதூக்கினால் கல்லீரல் தாங்காது, முன்கூட்டியே மாத்திரை கொடுத்து அடக்கி வைத்துவிடலாம். பெரியப்பாவின் பிள்ளைகளும், அப்பாவுக்கு இருப்பது தெரிந்தால் நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் அதே ஹெச்பிஎஸ்ஏஜி டெஸ்ட்டைச் செய்துகொள்ளுங்கள். இல்லை என்று வந்து எதிர்ப்பும் உண்டாகாமல் இருந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் மூன்று ஊசி. அப்பாவின் ரிசல்ட் கைக்கு வந்ததும் சைல்டு-பியூ வகுப்போடு சேர்த்து எனக்கு எழுதுங்கள், பார்த்துப் பதில் போடுகிறேன்.